ஐம்பத்தாறு டிகிரி

ஃபேனை நிறுத்தியாயிற்று, ஏசியை நிறுத்தியாயிற்று, ஜன்னலையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் மகராசி. காற்று அசைந்தால் மீட்டர் தப்பாகக் காட்டுமாம். சரிதான், விதிப்படி சரிதான், அந்த விதியைத் திருமூர்த்தியே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறான், ஆனாலும் ஜெசிந்தா கையால் விழுந்த அந்தத் தாழ்ப்பாள் சத்தம் தன்னை உள்ளே வைத்துப் பூட்டுகிற சத்தமாகத்தான் அவனுக்குக் கேட்டது. பதினோரு மணி வெயில். மேலே தகரக் கூரை, கீழே டெஸ்டிங் ரூம், நடுவில் ஆறு வருஷமாக ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கப் பிடிக்காத ரெண்டு பேர். மேசை மேல் நாலு கட்டையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறது அவன் வரைந்த சர்க்யூட் போர்டு. அதன் முனையில் டெர்மினல், வயரைச் செருகி ஸ்க்ரூவால் முடுக்குகிற பச்சைப் பிளாஸ்டிக் கட்டை. அதற்குள் விரல் தடிமன் கேபிள், கேபிளுக்குள் முப்பது ஆம்பியர், வோல்ட் வெறும் ரெண்டு, தொட்டால் ஷாக் அடிக்காது, சூடு மட்டும்தான். டெர்மினலில் கிளம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கரண்டைக் கொண்டு போகிற செம்புப் பட்டைதான் ட்ராக், அதன் நட்டநடுவில் முடி போல ஒரு கம்பியை மஞ்சள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். அந்தக் கம்பி உணர்வதை மீட்டர் எண்ணாகக் காட்டும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுத வேண்டும். எழுபத்துமூன்றைத் தாண்டினால் போர்டு ஃபெயில், போர்டு ஃபெயில் என்றால் அதை வரைந்த திருமூர்த்தி ஃபெயில். மூன்று தரம் தொடர்ந்து ஒரே எண் நின்றால் பாஸ், கதை முடிந்தது. "முப்பத்திமூணுல ஆரம்பம்," என்றாள், அவனைப் பார்க்காமல், பேனாவைப் பார்த்து. எழுது தாயே எழுது, உன் பேனாவில் இங்க் தீர்ந்து போகட்டும்.

அவளுக்கு என்ன, நல்லா குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறாள், தூத்துக்குடிக்காரிக்கு இந்த வெயில் எல்லாம் தூசு. இவனுக்குக் காதோரம் வழிகிறது. துடைத்தால் பார்ப்பாள். பயந்து வேர்க்கிறான் என்று நினைப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டுமே, எவளுக்குப் பயப்பட வேண்டும், கணக்குப் போட்டவனுக்கு என்ன பயம்? மேசையின் அந்தப் பக்கம் பாலிதீன் கவரில் இதே மாதிரி இன்னொரு போர்டு கிடக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். பார்க்காமல் இருக்க முடிகிறதா, சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போகிற மாதிரி கண்ணு அங்கேதான் போய் நிற்கிறது. டெர்மினல் உருகிச் சப்பையாகி, அதன் காலடியில் கருகல். திருப்பூரில் ஒரு தையல் யூனிட், கரண்டு போனால் மிஷின் நிற்காமல் இருக்க இவர்கள் கம்பெனியின் பேட்டரிப் பெட்டி, அதற்குள்ளிருந்து கழற்றி வந்த போர்டு அது. போன செவ்வாய்க்கிழமை பெட்டிக்குள் புகைந்து, பக்கத்தில் அடுக்கியிருந்த பனியன் துணி பற்றி, அணைக்கப் போன ஒரு பெண்ணுக்கு முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'ஒரு பெண் தொழிலாளி' என்று போட்டிருந்தது. பெயர் போடவில்லை. இவன் கேட்கவும் இல்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது, மாட்டின எலக்ட்ரீசியன் ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கியிருக்க மாட்டான், லூசாக விட்டால் அந்த இடம் சூடாகிக் கருகும், இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். கடிதம் அடித்துத் தயாராக இருக்கிறது: தவறு பொருத்தியவருடையது, அவர் இனி நம் பெட்டிகளைத் தொடக் கூடாது. காளியப்பன் என்று பேர். காலையிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் அந்த ஆள், மடியில் ஸ்க்ரூ டிரைவர் பை. திருமூர்த்தி உள்ளே வரும்போது எழுந்து நின்றான். "சார், நான் நல்லா முடுக்கித்தானுங்க உட்டேன். பதினாறு வருசமா இதே பொழப்புங்க, முடுக்காம உடுவனுங்களா?" திருமூர்த்தி நின்றுகூடப் பேசவில்லை. "எல்லாரும் அப்படித்தான்யா சொல்லுவீங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தான். சொன்னது தப்பா? தப்பில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"நாப்பத்திரெண்டு." எழுதினாள். ஏறட்டும். ஏறத்தான் செய்யும். எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், நேற்றே கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், ஐம்பத்தாறு. முப்பது ஆம்பியர் ஓட வேண்டும், செம்பின் கனம் எழுபது மைக்ரான், முப்பது டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது என்று கொடுத்தால் சூத்திரம் எட்டரை மில்லிமீட்டர் அகலம் போதும் என்கிறது. இவன் பத்து போட்டான். ஒன்றரை மில்லிமீட்டர் தானம். யார் போடுவார்கள்? வாய்க்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் அலுங்காமல் போகும், அவ்வளவுதானே விஷயம். ஆனால் இவள், இந்த ஜெசிந்தா, ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளி மகன் சின்னவர் எதிரில், பதினஞ்சு பேர் எதிரில், கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, "வரையறவங்களுக்குச் சூடு தெரியாது சார், டெஸ்ட் பண்றவங்களுக்குத்தான் தெரியும்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார். இவனும் சிரித்தான், அதுதான் இன்னும் ஆறவில்லை, தானும் சேர்ந்து சிரித்தது. அன்றையிலிருந்து இவன் வரைகிற ஒவ்வொரு போர்டிலும் ட்ராக் ஒல்லி, ட்ராக் ஒல்லி என்று எழுதி அனுப்புவாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு எல்லாமே ஒல்லி. திருப்பூர் செய்தி வந்ததும் முதலில் கையைத் தூக்கினது இவள்தான். "ஸ்க்ரூ மேல பழியைப் போடாதீங்க, ட்ராக்கைப் பார்ப்போம்." பார், நல்லா பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார். ட்ராக்கில் ஒரு குறையும் இல்லை.

ட்ராக்கில் இல்லை. இந்த இடத்தில்தான் யோசனை ஒவ்வொரு தடவையும் போய் மோதிக்கொண்டு நின்றது. ட்ராக்கில் இல்லை என்று சொன்னவுடனே, அப்படியென்றால் எதில் என்று உள்ளே ஒருத்தன் கேட்கிறான். எவன்டா நீ? போடா அக்கட்டால. "நாப்பத்தெட்டு. என்ன சார், தண்ணி வேணுமா?" என்றாள் ஜெசிந்தா. கேட்கிற தினுசைப் பார், கரிசனமாம். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம், நீங்க எண்ணைப் பாருங்க." "அதைத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்கதான் அந்தக் கவரையே பாக்கீக." சட்டென்று கண்ணைத் திருப்பினான். பார்த்துவிட்டாள். கழுகுக் கண்ணு. பத்து நிமிஷம் ஆகிறது. வெளியே லேத் மிஷின் சத்தம், யாரோ டீ டீ என்று கத்திக்கொண்டு போகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு நாகரத்தினம் அக்காளுடையது, ஈயம் பற்ற வைக்கிற லைனில் முதல் நாற்காலி, சிரித்தால் இந்தக் கோடி வரைக்கும் கேட்கும். இந்த நேரத்திலா சிரிக்க வேண்டும் அந்த அம்மாள்! வேண்டாம், அந்த அம்மாளை நினைக்க வேண்டாம், எண்ணைப் பார், ஐம்பத்திரண்டு, எழுதுகிறாள், ஐம்பத்திரண்டு.

நினைக்க வேண்டாம் என்றால் கேட்கிறதா இந்தப் பாழாய்ப்போன புத்தி. போன வருஷம் ஆடி மாசம், இவன் மேசைக்கு வந்து நின்றாள் நாகரத்தினம் அக்கா, வலது மணிக்கட்டில் நீலத் துணி சுற்றியிருந்தது. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க போர்டுல அந்தப் பச்சைக் கட்டை இருக்குதில்ல, அங்க ஈயம் உருகவே மாட்டேங்குது. செம்பு அம்புட்டு அகலம், வெச்ச சூட்டையெல்லாம் அது குடிச்சுப்போடுது. ஒரு காலுக்கு ஒரு நிமிசம் அமுக்கிப் புடிக்கோணும். கை போயிருச்சு தம்பி." இருபத்தொரு வருஷச் சர்வீஸில் இவன் மேசைக்கு வந்து ஒருத்தர் ஒன்று கேட்டது அதுதான் முதல். எல்லாரும் குறை சொல்ல வருவார்கள், உத்தரவு போட வருவார்கள், கேட்க யார் வந்தார்கள்? இவன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டேதான், "பாக்கலாம் போங்கக்கா," என்றான். அந்தம்மாள் போனதும் உடனே பார்த்தான். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வரைகிற கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் ஒரு டிக். அதுவரைக்கும் டெர்மினலின் கால், போர்டுக்குள் இறங்குகிற உலோக முள், நேராக அந்தப் பத்து மில்லி செம்பில் உட்கார்ந்திருந்தது. டிக் போட்டால் காலைச் சுற்றி ஒரு வளைய இடைவெளி விட்டு, சைக்கிள் சக்கரத்துக்கு ஸ்போக் கம்பி வைக்கிற மாதிரி நாலே நாலு மெல்லிசுக் கம்பியால் செம்போடு சேர்க்கும். சூடு ஓடிப்போகாது, ஈயம் பட்டென்று உருகும். சின்னச் சின்ன ஒயர் போகிற இடத்தில் எல்லாரும் செய்வதுதான். டிக். அடுத்த வாரமே அக்கா ஒரு தூக்குப் போசியில் கடலை உருண்டை கொண்டுவந்து வைத்தாள். "தம்பி போர்டுன்னா இப்ப வெண்ணெய் மாதிரி போகுது!" எனக்கெதுக்கு இதெல்லாம் என்று அதட்டிவிட்டு, எல்லாரும் போனபிறகு ஏழு உருண்டையையும் ஒருத்தனாகத் தின்றான். நன்றாயிருந்தது. இன்றைக்கு நினைத்தால் தொண்டையில் நிற்கிறது.

நாலு கம்பி. நாலும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு வாதம் பண்ணலாம். டெர்மினல் போர்டின் விளிம்பில் இருக்கிறது, ரெண்டு கம்பி விளிம்புப் பக்கம் விழுந்து செம்பே இல்லாத இடத்தில் வெட்டுப்பட்டுப் போயின. மிச்சம் ரெண்டு. ஒவ்வொன்றும் அரை மில்லிக்கும் குறைவு. பத்து மில்லி ராஜபாட்டை போட்டு, வாசலில் ரெண்டு ஊசித் துவாரம். முப்பது ஆம்பியரும் அந்த ரெண்டு துவாரம் வழியாகத்தான் நுழைய வேண்டும். சூத்திரம் அகலத்தைக் கேட்டது, கனத்தைக் கேட்டது, ஆம்பியரைக் கேட்டது, முனையில் என்ன இருக்கிறது என்று அது கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அன்றைக்கே பார்த்தானா? பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. திரையில் பார்த்தான், பார்த்தது கண்ணில் பட்டது, பட்டது மண்டைக்குள் போகவில்லை, இதற்குப் பெயர் பார்த்ததா பார்க்காததா? மாற்றச் சீட்டில் தன் கையால் எழுதினான்: 'கரண்ட் பாதையில் மாற்றம் எதுவும் இல்லை, மறு டெஸ்ட் தேவையில்லை.' கீழே கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு. அதற்கப்புறம் போன பெட்டிகள் முந்நூற்று நாற்பது. திருப்பூரில், அவிநாசியில், பல்லடத்தில், துணிக்கட்டுக்குப் பக்கத்தில், ஆட்களுக்குப் பக்கத்தில், இந்நேரம் எங்காவது கரண்டு போயிருக்கும், எங்காவது ஒரு பெட்டி முப்பது ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கும். சும்மா இரு. எல்லாமா எரிகிறது? ஒன்றுதானே எரிந்தது. அதுவும் லூஸ் ஸ்க்ரூவாக இருக்கலாம். இருக்கலாமே! லூஸ் ஸ்க்ரூ என்றாலும் அதே இடம்தான் கருகும், பிளாஸ்டிக் கட்டைக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். இதைவிடத் தோதாக ஒரு தப்பு எவனுக்கு வாய்க்கும்?

"அம்பத்தஞ்சு." இருபத்தஞ்சு நிமிஷம். ஜெசிந்தாவின் உதடு இறுகிவிட்டது. ஏறுவது நின்றுகொண்டே வருகிறது என்று அவளுக்கும் தெரியும். திருமூர்த்திக்கு உள்ளே ஒரு சந்தோஷம் கொழகொழவென்று கிளம்பியது, கேவலமான சந்தோஷம், ஆனாலும் சந்தோஷம். ஏனென்றால் மீட்டர் கம்பியை ட்ராக்கின் நடுவில் ஒட்ட வேண்டும் என்று விதி எழுதினதே இவள்தான். டெஸ்டிங் ஃபார்மில் மூணாவது வரி, அவள் கையெழுத்து. நடுவில்தானே அதிகச் சூடு இருக்கும் என்று பெரிய ஞானி மாதிரி எழுதி வைத்தாள். அவளுடைய விதியே என்னைக் காப்பாற்றப் போகிறது. ஆறு வருஷம் ட்ராக் ஒல்லி ட்ராக் ஒல்லி என்று கத்திக் கத்தி, அவளுக்கு ட்ராக்கைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. டெர்மினலில் ஒட்டியிருந்தால் போதும், அதற்கு அரை விரற்கடை இந்தப் பக்கம் ஒட்டியிருந்தால்கூடப் போதும். ஒட்டமாட்டாள். நான் சொன்னால் ஒழிய ஒட்டமாட்டாள். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? எனக்கென்ன தலையெழுத்தா? இருபத்தொரு வருஷம், அடுத்த மாசம் சீனியர் போஸ்ட், அதற்கும் இவள்தான் போட்டி. காளியப்பனுக்கு வேறு கம்பெனி கிடைக்கும். கிடைக்குமா? எரித்தவன் என்று பேர் வாங்கினவனை எவன் வாசலில் விடுவான், திருப்பூர் பூராவும் ஒரே வாரத்தில் பரவிவிடும். பரவட்டும். நான் அவனைப் பெற்றேனா? பதினாறு வருஷம் என்றான். மடியில் அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம். எழுந்து நின்ற விதம். எதற்குய்யா என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறாய், உட்காரேன்!

"அம்பத்தாறு." அஞ்சு நிமிஷம். "அம்பத்தாறு." சட்டைப் பையிலிருக்கிற துண்டுச் சீட்டை எடுத்து அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டலாமா என்றிருந்தது. கடைசி அஞ்சு நிமிஷம் எருமை நடந்த மாதிரி நடந்தது. மீட்டர் அசையவில்லை. ஜெசிந்தா பேனாவை இரண்டு தரம் தட்டினாள், எழுதினாள், மூன்றாவது ஐம்பத்தாறு. "பாஸ்," என்றாள். அந்த ஒரு சொல்லை வேப்பங்காய் மாதிரி துப்பினாள். "உங்க ட்ராக் நல்லாத்தான் இருக்கு சார். நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். சின்னவருக்குச் சொல்லிருதேன், லெட்டர் அனுப்பட்டும்." போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது, நாந்தான் தப்பா நெனச்சிட்டேன், காதில் விழுந்தும் விட்டது. ஒரு ருசியும் இல்லை. கரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒன்றும் இராது, என்று அவனுக்குள் ஒருத்தன் சொன்னான், நீயாகப் பயந்து சாகிறாய், ரெண்டு கம்பியே தாங்கும், தொட்டுத்தான் பாரேன், தொட்டுவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். போர்டுக்கு அடியில் கையை விட்டு, டெர்மினலின் கால் ஈயத்தில் சுட்டுவிரலை அழுத்தினான்.

கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உஸ்ஸென்று மூச்சை இழுத்தான், அவ்வளவுதான், விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. தோல் கருகின நாற்றம் மூக்கில் ஏறியது. ஜெசிந்தா திரும்பினாள். போன் காதில் இருக்கிறது, மணி அடிக்கிறது, சின்னவர் இன்னும் எடுக்கவில்லை. "என்ன சார்?" "ஒண்ணுமில்ல." "கையக் காட்டுங்க." "ஒண்ணுமில்லன்னு சொல்றனில்ல!" "காட்டுங்கன்னேன்." காட்டினான். எதற்குக் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை, அதிகாரமாகச் சொன்னால் காட்டிவிடுகிற கை அது. விரல் நுனி வெள்ளையாகப் பொங்கியிருந்தது. அவள் விரலைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள். "அம்பத்தாறு டிகிரி இப்பிடிச் சுடாது சார்." குரலில் குத்தல் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "எங்க தொட்டீக?"

சப்ளை கிளிப்பைத் தொட்டேன் என்று சொல்லலாம். பொருந்தும். காலையிலேயே வீட்டில் தோசைக்கல்லில் சுட்டது என்று சொல்லலாம், நம்பமாட்டாள், ஆனால் மறுக்கவும் முடியாது. பொய்க்கா பஞ்சம், நாக்கு நுனியில் மூணு பொய் வரிசை கட்டி நிற்கிறது. போனில் மணி நின்றது. "ஆங், சொல்லுங்க ஜெசிந்தா," என்று சின்னவர் குரல் அந்தப் புழுங்குகிற அறைக்குள் சன்னமாகக் கேட்டது. "என்னாச்சு, லெட்டர அனுப்பிரலாமா? அந்த எலக்ட்ரீசியன் கேட்டுலயே உக்காந்துட்டுப் போவனாங்கறான்." ஜெசிந்தா திருமூர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி, போனை அவன் பக்கம் கொடுத்தாள். படுபாவி, அவள் வாயால் சொல்லித் தொலைத்தால் என்ன! சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அவளைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அதையும் கெடுத்துவிட்டாள். போனை இடது கையால் வாங்கினான். வலது கை விரல் தீக்குச்சி வைத்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது, இந்த ஒரு நுனிக்கே இப்படி என்றால் முழங்கை வரைக்கும் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

"திருமூர்த்தி பேசறனுங்க," என்றான். கனைத்தான். "லெட்டர அனுப்பாதீங்க. கோளாறு நம்ம போர்டுலதானுங்க. நான் போட்டதுதான். வெளிய போன முந்நூத்தி நாப்பதையும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லோணும்." அந்தப் பக்கம் சின்னவர் என்னவோ கத்தினார். ஜெசிந்தா டேப்பைப் பிய்த்து, அந்த முடிக் கம்பியை எடுத்து டெர்மினலின் காலடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மீட்டர் எழுபதைத் தாண்டிற்று, தொண்ணூறைத் தாண்டிற்று, நூற்றுப் பத்தொன்பதிலும் நிற்கவில்லை. அவள் எழுதிக்கொண்டே போனாள். "அப்ப அந்த காளியப்பன்?" என்றார் சின்னவர்.

"அவன் நல்லா முடுக்கித்தானுங்க உட்டிருக்கான்," என்றான் திருமூர்த்தி.